யோகனுக்கு நான் காற்று மறைத்த நாள்

மூடுபனிக்குள் பன்னிரண்டு சைக்கிள்கள் சேர்ந்து போகிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆட்கள் தெரியமாட்டார்கள். ரோடும் சரியாகத் தெரியாது. ஈரத் தாரில் டயர் ஓடுகிற ‘ஸ்ஸ்’ மட்டும் கூடவே வரும். யாராவது மிதிப்பதை நிறுத்தினால் அவருடைய பிரீவீல் கிடுகிடுவென்று நாலு வார்த்தை பேசிவிட்டு அடங்கும். அவ்வளவுதான்.

அன்று முதல் ஆளாக நான் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் வெறும் வெள்ளை. பின்னால் ஒரு சாண் தள்ளி, என் தங்கை புருஷன் யோகராஜாவின் முன்சக்கரம். அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர். தேவாலா ஊரைத் தாண்டியாயிற்று. நாடுகாணி செக்போஸ்ட் பக்கத்தில் ரோட்டின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டை யோகன் முதலில் தாண்ட வேண்டும். அதற்காகத்தான் நான் முன்னால் போனேன்.

எனக்குத் தூக்கம் வருவதுபோல் இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள். தொடை எரிகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மனசு மட்டும் எங்கேயோ கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறது. கால் மணி நேரம் பனிக்குள் மிதித்தால் அப்படித்தான் ஆகும்.

மிதித்தால் போதாதா?

நான் சைக்கிள் பந்தயத்தில் ஓடியவன் என்று சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் ஒரே ஒரு வரி எழுதினேன். உடனே ஒரு வாசகரிடமிருந்து கடிதம். “சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? வேகமாக மிதிக்கிறவன் ஜெயிப்பான், அவ்வளவுதானே?”

ஐயா, நானும் அப்படி நினைத்தவன்தான். அப்படியே நினைத்து மூன்று பந்தயங்களில் கடைசியாக வந்தேன்.

காற்றுதான் விஷயம். முன்னால் ஓர் ஆள் போனால் அவர் முதுகு காற்றை உடைத்துவிடும். ஒரு சாண் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு போகிறவருக்குப் பாதிப் பாடுகூட இருக்காது. அவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே மிதிக்கலாம். முன்னால் போகிறவருக்கு எச்சில் விழுங்கவும் நேரம் கிடைக்காது. இதற்கு எங்கள் பேச்சில் ‘மறைவு’ என்று பெயர்.

மறைவு எப்போதும் நேர் பின்னால் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. காற்று இடது பக்கத்திலிருந்து அடித்தால் அது வலது பக்கமாகச் சாய்ந்து விழும். என் முதல் பந்தயத்தில் கூடலூர் பக்கத்து ஸ்ரீமதுரைக்காரர்கள் இரண்டு பேர், ஒருவருக்குப் பின் ஒருவராகப் போகாமல், வலது ஓரமாகச் சாய்த்துச் சாய்த்து ரோட்டையே அடைத்துக்கொண்டு போனார்கள். பாவம், நேராக ஓட்டத் தெரியவில்லை என்று சிரித்தேன். பத்து நிமிஷத்தில் அவர்களைக் காணோம்.

சரி, கூட்டத்தின் கடைசியில் ஒளிந்துகொண்டால் சுகமாகப் போகலாமே என்று அடுத்த பந்தயத்தில் கடைசிக்குப் போனேன். அது அதைவிட மோசம். ஒவ்வொரு வளைவிலும் முதல் ஆள் லேசாகப் பிரேக்கைத் தொடுவார். அது ஆளுக்கு ஆள் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசி ஆள் கிட்டத்தட்ட நின்றேவிடுவார். வளைவு முடிந்ததும் முதல் ஆள் கிளம்பிப் போய்க்கொண்டே இருப்பார். கடைசி ஆள் நின்ற வண்டியை உயிரைக் கொடுத்துக் கிளப்ப வேண்டும். எங்கள் ரோட்டில் வளைவுக்குப் பஞ்சமே கிடையாது. வளைவுக்கு வளைவு நான் செத்துப் பிழைத்தேன்.

ஆகவே மூன்றிலிருந்து ஐந்துக்குள் இருக்க வேண்டும். இதை எல்லோரும் தெரிந்து வைத்திருப்பதால் அங்கே பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கிற மாதிரி தள்ளுமுள்ளு நடக்கும். முழங்கையை விரித்துக்கொண்டு இடத்தைக் காப்பாற்ற வேண்டும். முன் ஆளின் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் கட்டிவிடும். இடுப்பைப் பார்க்க வேண்டும். ஓர் ஆள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்பது அவருடைய ஹேண்டிலுக்கு முன்பே இடுப்பில் தெரிந்துவிடும்.

ஏற்றத்துக்குத் தனி வித்தை. ஏற்றம் தொடங்கும் முன்பே எல்லோரையும் தாண்டி முன்னால் போய்விட வேண்டும். பிறகு மூச்சு வாங்கும்போது ஒவ்வொருவராக நம்மைத் தாண்டட்டும், கவலைப்படக் கூடாது. உச்சிக்கு வரும்போது கடைசியில் இருப்போம், ஆனாலும் கூட்டத்தோடு இருப்போம். யோகன் ஏற்றத்தில் மகா மோசம். இந்த வித்தையைக் கற்ற பிறகுதான் அவனுக்குப் பந்தயத்தின் கடைசிப் பகுதியைப் பார்க்கிற பாக்கியமே கிடைத்தது. அந்தக் கடைசிப் பகுதியில் அவனை அடிக்க எங்கள் பக்கத்தில் ஆள் கிடையாது. முந்நூறு அடி தூரம் கொடுத்தால் போதும், எழுந்து நின்று மிதித்தால் அம்புதான்.

அடுத்த நிரைக்காரி

நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. கப்பலேறி வந்த சமாச்சாரமெல்லாம் முன்பே எழுதிவிட்டேன், மறுபடியும் அழ வைக்கப் போவதில்லை.

கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு ஆளுக்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடி, உண்டு. எல்லோரும் ஒரே வரிசையாக மலையேற வேண்டும். பின்தங்கினால் கங்காணி கத்துவார். யாராவது பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால், இரண்டு பக்கத்து நிரைக்காரிகளும் போகிற போக்கில் அவளுடைய செடிகளில் ஒன்றிரண்டைக் கிள்ளிக்கொண்டே போவார்கள். அவள் நிரை மெலிந்துவிடும். மெதுவாக எடுத்தாலும் வரிசையோடு வந்துவிடுவாள். இதை யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. என் அம்மாவின் கை தன்பாட்டுக்குப் பக்கத்துச் செடிக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

சைக்கிள் கூட்டத்தில் ஒருவனுக்காக இன்னொருவன் காற்றை வாங்கிக்கொள்வதைப் பட்டணத்துக்காரர்கள் பெரிய யுக்தியாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது ஒரு விசேஷமாகவே படவில்லை.

ஓர் இடம்

தேயிலை விலை விழுந்துவிட்ட வருஷங்கள் அவை. பறித்த கொழுந்தை வாங்க ஆளில்லாமல் சொந்தத் தோட்டக்காரர்களே ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் எஸ்டேட் பேக்டரியில் முதலில் இரண்டு சிப்ட் ஒன்றாகியது. பிறகு வாரத்துக்கு மூன்று நாள். பிறகு ஒரு நாள் காலையில் கேட்டில் பூட்டு. மேலே இலை வாட்டுகிற மாடியில் நான் பதினொரு வருஷம். கீழே இலை உருட்டுகிற ரோலர் பக்கம் யோகன் ஆறு வருஷம். எங்கள் லைன் வீடு தேவாலா பக்கம், பேக்டரி நாடுகாணி பக்கம். விடிகாலை இருட்டிலும் பனியிலும் மழையிலும் இரண்டு பேரும் சைக்கிளில் அந்த ரோட்டில் போய்வந்தோம்.

பூட்டிய பிறகு பந்தயம்தான் எங்களுக்கு வேலை. வேறு வேலை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஓணத்துக்கு ஒரு வாசகசாலைக்காரர்கள் பந்தயம் வைத்தார்கள். கூடலூரில் தொடங்கி, பந்தலூர் போய்த் திரும்பி, நாடுகாணியில் முடிய வேண்டும். சாதா சைக்கிள் மட்டும். கியர் வண்டி கூடாது. மட்கார்டு, கேரியர், ஸ்டாண்ட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டு மூலையில் போட்டோம்.

பந்தயத்தைப் பார்க்கக் கோயமுத்தூரிலிருந்து ஒரு நூல் மில்லின் ஆள் வந்திருந்தார். மில்லுக்குச் சொந்தமாகச் சைக்கிள் அணி இருந்தது. அவரை எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

“ஏனுங்க, ஒரே ஒரு எடந்தானுங்க இருக்குது. மொதல்ல வர்றவருக்கு மில்லுல வேல, குடியிருக்க ஊடு. அப்பறம் எங்களுக்காகச் சைக்கிள் மிதிக்கோணும். சரிங்களா?” என்று முதல் நாளே எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்.

என் தங்கை புஷ்பத்துக்கு அப்போது ஏழு மாசம். மில் வேலை கிடைத்தால் அவளும் யோகனும் சேர்ந்து கோயமுத்தூர் போவார்கள். கிடைக்காவிட்டால் அவன் மட்டும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டும். அங்கே எட்டுப் பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள் என்று போனவர்கள் எழுதியிருந்தார்கள். பொண்டாட்டியைக் கூட்டிப் போக முடியாது.

பந்தயத்தன்று காலை புஷ்பம் எனக்கு மட்டும் இரண்டாவது தடவை தேத்தண்ணி கொடுத்தாள். எனக்கு விளங்கிவிட்டது.

“அண்ணே, நீ முன்னுக்குப் போ. அவருக்குக் காத்து ஒத்துக்காது. கடைசி வரைக்கும் பின்னுக்கே வச்சிக் கூட்டிட்டுப் போ.”

“எனக்கு மட்டும் காத்து ஒத்துக்குமா?”

“உனக்கு என்ன, புள்ளயா குட்டியா?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு நாக்கு அப்படி. சொன்னது நியாயம்தான்.

வெள்ளை

பந்தலூர் வரை எல்லாம் திட்டப்படியே நடந்தது. ஏற்றங்களுக்கு முன்பே யோகனை முன்னால் தள்ளிவிட்டேன். அவன் சறுக்கிச் சறுக்கிக் கடைசிக்கு வந்தபோதெல்லாம் நான் காத்திருந்து மறைவு கொடுத்து மறுபடியும் நாலாவது இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். பந்தலூரில் ஒரு தார் டிரம்மைச் சுற்றித் திரும்பியபோது பன்னிரண்டு பேர் ஒன்றாக இருந்தோம். பதின்மூன்றாவது ஆள் போஜன். படகர், சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்தவர். அவருக்குக் கூட்டத்துக்குள் வரப் பயம். யார் சக்கரத்தையும் பிடிக்கமாட்டார். எப்போதும் நாற்பது ஐம்பது அடி தள்ளி, எல்லாக் காற்றையும் தானே வாங்கிக்கொண்டு, தனியாக வருவார். அவரைப் பற்றி நாங்கள் பேசாத கிண்டல் இல்லை.

தேவாலா வரும்போது பனி இறங்கியது. வழிகாட்டிக்கொண்டு முன்னால் போன பந்தயக்காரர்களின் ஜீப்பின் சிவப்பு விளக்கு முதலில் மங்கியது, அப்புறம் இல்லை. நான் முதல் இடத்துக்குப் போனேன். ஸ்ரீமதுரைக்காரர்களும் மற்றவர்களும் பேசாமல் பின்னால் வந்தார்கள். இந்த ரோட்டில் தினம் போனவன் முன்னால் போகிறான், இவனைப் பிடித்துக்கொண்டு போனால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அப்போது எதையும் நினைக்கவில்லை. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கால் மிதித்தது. கை பிடித்திருந்தது. இமையில் ஈரம் கோத்திருந்தது. இடது பக்கம் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்று நகர்ந்தன. எங்கேயோ ஒரு குயில் மாதிரி ஏதோ கத்தியது. எனக்குப் பின்னால் வருகிற சத்தமெல்லாம் முதல் சிப்டுக்குப் போகிறவர்களின் சைக்கிள் சத்தமாக எப்போது மாறியது என்று தெரியாது. வாட்டிய இலையின் வாசனை வந்தது. சத்தியமாக வந்தது. ஆப்பிளை அறுத்து வைத்தது போன்ற அந்த வாசனையைப் பதினொரு வருஷம் முகர்ந்தவன் நான். பேக்டரி பூட்டி எட்டு மாசம் ஆகியிருந்தது, வாசனை எங்கிருந்து வரும்?

ஒரு மரத்தடியில் என் இடுப்பு இடது பக்கம் சாய்ந்தது. வண்டியும் திரும்பியது.

திரும்பிய ரோடு சுகமான இறக்கம். மிதிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பிரீவீலும் ஒரே நேரத்தில் பாடின. அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அப்புறம் டயருக்கு அடியில் சரளைக்கல் நெறிபட்டது. வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு கேட் வந்தது.

கேட்

வழக்கமாகக் கால் ஊன்றுகிற கல்லில் கால் ஊன்றி நின்றேன். அப்போதுதான் விழித்தேன்.

பின்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதி, இரண்டு பேர் தேயிலைச் செடிக்குள்ளேயே போய்விட்டார்கள். பேக்டரி வாட்ச்மேன் அந்தோணி அண்ணன் குடையும் கையுமாக ஓடி வந்தார். பனிக்குள் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டைப் பார்த்து நிற்பதைக் கண்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று. போராட்டத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.

“கேட்டத் தொறக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல சாமி! எதா இருந்தாலும் மேனேஜர்கிட்ட பேசுங்க!” என்று விசிலை ஊத ஆரம்பித்தார்.

“சேட்டா, பந்தயம் இதிலேயா போகுது?” என்று ஸ்ரீமதுரைக்காரர் ஒருவர் என்னைக் கேட்டார். யோகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. கேட்டுப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“மாப்ள, திரும்பு! போ!” என்று கத்தினேன்.

இறங்கி வந்த ரோட்டில் ஏறி, மெயின் ரோட்டைப் பிடித்து, நாடுகாணி வரை என் நெஞ்சு வெடிக்கிற மாதிரி அவனை இழுத்துக்கொண்டு போனேன். கோட்டுக்கு முந்நூறு அடி முன்னால் ஒதுங்கினேன். யோகன் எழுந்து நின்று மிதித்தான். எல்லோரையும் ஆறு வண்டி தூரத்தில் அடித்தான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் போஜன் உட்கார்ந்து பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யார் சக்கரத்தையும் பார்க்காதவர், ரோட்டு ஓரத்து வெள்ளைக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நேராக வந்துவிட்டார். அவர்தான் முதல் என்று சொன்னபோது நம்பவில்லையாம். “கிண்டல் பண்ணாதீங்க, எல்லாரும் எப்பவோ வந்துட்டு டீ குடிக்கப் போயிருப்பாங்க” என்று சண்டைக்கே போனாராம்.

ஸ்ரீமதுரைக்காரர்கள் பந்தயத்தை மறுபடி நடத்தச் சொன்னார்கள். எனக்கு உயிர் வந்தது. மாஸ்டரும் யோசித்தார்.

யோகன்தான் வேண்டாம் என்றான். “கோட்ட மொதல்ல தாண்டுனவரு அவருதாங்க. அவருக்குக் குடுங்க.”

போஜனின் கையைக் குலுக்கிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். எனக்காகக் காத்திருக்கவில்லை.

ஆறு நாள்

அதன் பிறகு ஆறு நாள் என்னோடு அவன் பேசவில்லை. பேசமாட்டேன் என்றும் இல்லை. கேட்டால் ஆமாம், இல்லை என்பான். புஷ்பமும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய நாக்கு சும்மா இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

ஏழாம் நாள் காலையில் யோகன் திருப்பூருக்குக் கிளம்பினான். கூடலூர் பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் கீழே நின்றேன்.

“மாப்ள, அன்னைக்கு நான்…”

“மச்சான், எனக்குத் தெரியும்” என்றான்.

“என்ன தெரியும்?”

“நீங்க எடது பக்கம் ஒடிக்கையிலேயே தெரியும். பேக்டரி ரோடுன்னு. உங்க இடுப்பத்தான பாத்துக்கிட்டு வந்தேன்? நானும் ஆறு வருசம் திரும்புன எடந்தான அது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப ஏன் கத்தல? நீ நேரா போயிருந்தா வேல உனக்குத்தான!”

முன்னால் டிரைவர் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டார்.

“பேக்டரி தொறந்துட்டாங்கன்னு நெனச்சிட்டேன் மச்சான். உங்களுக்குச் சேதி வந்திருக்கு, அதான் நீங்க திரும்புறீங்கன்னு. எனக்கு அப்ப பந்தயமே ஞாபகத்துல இல்ல. மில்லும் இல்ல. ரெண்டு பேரும் சிப்டுக்குப் போறோம், புள்ள இங்கயே பொறக்கும்னு…” கொஞ்சம் சிரித்தான். “கேட்டப் பாக்குற வரைக்கும் எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? இத நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்க தங்கச்சிக்கிட்ட சொல்லுவேன்?”

பஸ் நகர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று நான் அழுதேன். ஆள் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பம் வாசலிலேயே கேட்டாள். “அவரு உன்கிட்ட என்ன சொன்னாரு?”

“தப்பு முழுக்க என்னோடதுதான்னு சொன்னான்” என்றேன்.

“அதுல என்ன சந்தேகம்?” என்று சொல்லிவிட்டு, அந்த வாரத்தில் முதல் தடவையாக என்னைத் திட்டத் தொடங்கினாள்.